அடிக்கோடிட்ட ‘இல்லை’

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள், வாய்விட்டுக் கேட்காதே என்றுதான் கான்வென்டில் மதர் எங்களை வளர்த்தார்.

உன் அத்தான் போய் இரண்டு வருஷம் கழித்துத்தான், விதவைகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது என்பதே எனக்குத் தெரிந்தது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ‘முன்தேதியிட்டுக் கோருகிறீர்களா?’ இன்றைக்கு எழுதிவிட்டு என்றைக்கோ எழுதியதாகத் தேதி போடுவதா? ‘இல்லை, ஒருபோதும் இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். கவுன்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, “நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களாம்மா?” என்றாள். யோசிக்காமல் நான் பேனாவைத் திறப்பதில்லை என்றேன். “வேற ஏதாவது கேக்கணுமா? எது வேணாலும் கேக்கலாம்மா” என்றாள். கேட்கும் பழக்கம் எனக்கில்லை என்றேன். “நாங்களா எடுத்துச் சொல்லக் கூடாதும்மா, ரூல் அப்படி” என்று முனகினாள். எதைச் சொல்லக் கூடாது என்று நானும் கேட்கவில்லை. அலுவலக ரகசியம் நமக்கு எதற்கு? அவள் ‘பறிசீலனை’ என்று எழுதியிருந்ததைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று வாடகைப் பாக்கி கேட்டு வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தாள். அவளும் விதவைதான், ஆனால் கொசுறு கேட்கவே பிறந்தவள். உதவித்தொகை வந்ததும் தருகிறேன், முன்தேதி மட்டும் வேண்டாமென்று எழுதிவிட்டேன் என்றேன். “என்னம்மா, படிச்சவங்க இப்படியா பண்ணுவீங்க? முன்தேதின்னா பொய்த் தேதி இல்ல. அவர் போன நாள்லேருந்து கணக்குப் போட்டு மொத்தமா குடுக்கறது. கேட்டாத்தான் குடுப்பாங்க. நான் கேட்டேன், ஃபிரிட்ஜ் வாங்கிட்டேன்” என்றாள். அந்தப் பணம் வந்தால் பாக்கி தீரும்; வராவிட்டால் மாதக் கடைசியில் காலி செய் என்கிறாள். போய்க் கேட்க வேண்டியதுதான், ஆனால் எப்படிடா கேட்பது? கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், ‘தயவுசெய்து’ வரை வந்ததும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறேன். என்னால் ஆகாது. ஆகவே அப்பா கட்டிய வீட்டில் நீ சாமான் போட்டு அடைத்து வைத்திருக்கும் முன்னறையை ஒழித்து வை. பீரோவும் நானும் ஒன்றாம் தேதி வந்து சேர்வோம். உன் மனைவியின் சமையலைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன், உப்பு விஷயம் தவிர.

இருவரும் நீண்ட ஆயுளோடும் கொஞ்சம் பொறுமையோடும் இருக்க என் ஆசிகள்.

உன் அக்கா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போன வழியில் அந்தக் கவுன்டருக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். “இதைக் கேப்பீங்கன்னுதாம்மா உங்க ஃபைலை மேல அனுப்பாம வெச்சிருக்கேன்” என்றாள். அத்தான் போன நாளிலிருந்து கிடைக்குமாம். அறையை ஒழிக்க வேண்டாம். கேட்பதும் பல் பிடுங்குவது போலத்தான். ஒன்றைப் பிடுங்கிவிட்டால் அடுத்ததற்குப் பயமில்லை. ஆகவே கையோடு இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன்: அப்பாவின் வீட்டில் எனக்குச் சேர வேண்டிய பாதி. அப்பா போன நாளிலிருந்து, முன்தேதியிட்டு.