கன்றுகள் கேட்ட கடிதங்கள்

கோரெல்லா பண்ணை,
குயின்ஸ்லாந்து.
மே 19, காலைத் தேநீருக்குப் பின்.

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய பெரில் அண்ணி அவர்களுக்கு, உங்கள் தங்கை நோரீனின் வீட்டுக்காரன் மெர்வின் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் சுகம். நாய் சுகம். மாடுகள் சுகமில்லை, அதன் காரணம் கீழே வருகிறது. தங்கள் மூட்டுவலியும் தங்கள் பூனையும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நோரீன் போய்ச் சேர்ந்து நான்கு மாதமாகிவிட்டது, தனி ஆளாகப் பண்ணையில் கிடந்து நான் என்ன கிழிக்கிறேன், டுவூம்பாவில் உங்கள் பின்னறைக்கு மஞ்சள் திரை தைத்துப் போட்டாயிற்று, உடனே கிளம்பி வர வேண்டும், இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நீங்களே பெட்டியோடு வந்து இறங்குவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் நன்றி. நான் வருவதாக இல்லை. நீங்களும் வர வேண்டாம். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் மூச்சு விடும் இடத்தில்தான் நான் பேச முடியும், நீங்களோ மூச்சு விடுவதில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

நான் தனியாகவே சமாளிக்கிறேன் என்பதற்கு இந்த வருஷம் பால்குடி மறக்கக் கன்று பிரித்த கதையே சாட்சி. பக்கத்துப் பண்ணை டாரிலும் அவன் மனைவி ஷோனாவும் உதவிக்கு வருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அறுபத்து நான்கு கன்று, அறுபத்து நான்கு தாய், ஒரு குறுகல் பாதை, அதன் முடிவில் இரண்டு பக்கமும் திரும்பும் ஒரு கதவு. இதற்கு எத்தனை பேர் வேண்டும்? முப்பத்தாறு வருஷமாக நான் பாதையில் நின்று வருவதைப் பார்த்து 'அம்மா!' அல்லது 'பிள்ளை!' என்று கத்துவேன். நோரீன் கதவைத் திருப்புவாள். அம்மா வெளியே மேய்ச்சலுக்கு, பிள்ளை உள்ளே பட்டிக்கு. இந்த வருஷம் கதவில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். முன்னால் நகர்ந்தால் கதவு ஒரு பக்கம், பின்னால் நகர்ந்தால் மறுபக்கம். யோசனையில் ஒரு குறையும் இல்லை. ஐந்தாவதாக வந்த பசு அந்தக் கதவைத் தலையால் ஒரு முட்டு முட்டியதுதான் குறை. கதவு போன வேகத்தில் நானும் போனேன். சாணியில் முகம் குப்புறக் கிடந்தபடி, வாய்க்குள் போனதைத் துப்பிவிட்டு, "நோரீன், கதவப் புடிடீ, தூங்குறியா?" என்று கத்தினேன். அண்ணி, பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டும் இருந்தேன். அதற்குள் தாயும் பிள்ளையும் கலந்து, பாதி உள்ளே, பாதி வெளியே என்று போய்விட்டன.

மறுநாள் டாரிலும் ஷோனாவும் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. என் தலைமுடியில் காய்ந்திருந்ததைப் பார்த்து டாரில், "யோவ் மெர்வ், கன்னுகளப் பிரிச்சியா, இல்ல கன்னுகளோட சேந்து படுத்தியா?" என்று கேட்டான். ஷோனா நேராகப் போய்க் கதவைப் பிடித்தாள். நான் 'அம்மா' என்றபோதெல்லாம் சரியாகத் திருப்பினாள். நோரீன் ஒவ்வொரு கன்று நுழையும்போதும் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி "போடா ராசா" என்பாள். ஷோனாவுக்கு அது தெரியாது. அவளைக் குறை சொல்லவில்லை.

அப்புறம் வழக்கமான கூச்சல். உள்ளே அறுபத்து நான்கு, வெளியே அறுபத்து நான்கு, நடுவில் ஒரு வேலி. இந்தச் சத்தத்தில் கன்றுகள் வைக்கோலும் தின்னாது, தண்ணீரும் குடிக்காது. மனிதக் குரலுக்குப் பழக வேண்டும் என்று நோரீன் தினமும் பட்டிக்கு நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எதையாவது உரக்க வாசிப்பாள். நான் அந்தப் பக்கமே போனதில்லை. எனக்குக் குழாய் வேலை இருக்கும். இந்த வருஷம் வேறு வழியில்லாமல் நானே வாளியில் உட்கார்ந்து உழவு யந்திரத்தின் கையேட்டை வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் எல்லாம் ஓடிப்போய் எதிர்வேலியில் முட்டிக்கொண்டன. அவள் என்னதான் வாசிப்பாள் என்று சமையலறையைக் குடைந்தபோது, பிஸ்கட் டப்பாவுக்குள் கிடைத்தது. உங்கள் கடிதங்கள் அண்ணி! முப்பத்தாறு வருஷத்துக் கடிதங்கள், ஓரமெல்லாம் கன்றுகள் நக்கிய கறையோடு.

வாசித்தேன். "உன் வீட்டுக்காரனுக்கு மாட்டு மூஞ்சியப் பாத்தா எல்லாம் புரியும், மனுசி மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் புரியாது" என்ற வரி வந்ததும் முன்வரிசைக் கன்றுகள் அசைபோட ஆரம்பித்தன. "அந்த மரமண்டை" வந்த இடத்தில் இரண்டு படுத்தே விட்டன. உங்கள் தங்கை இதையெல்லாம் வருஷா வருஷம் இவற்றுக்கு வாசித்திருக்கிறாள். எங்கள் பண்ணையிலிருந்து விற்பனைக்குப் போன அத்தனை மாடுகளும் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போயினவோ!

ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருந்தது. "இந்த மே மாசமாவது எம் பொறந்தநாளுக்கு வாடி." மே மாதம்தான் இங்கே கன்று பிரிப்பு. "போயிட்டு வாயேன்" என்று நான் ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் போயிருப்பாள், கதவுக்கு ஆள் இருந்திருக்காது. இதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக, போன வருஷ மே மாதம் நீங்கள் எழுதியது வந்தது. "வயித்து வலிய மெர்வின்கிட்ட சொல்லிட்டியா? கன்னு பிரிச்சு முடியட்டும்னு தள்ளிப் போடாத. நாளைக்கே டாக்டர்கிட்ட போ." அதையும் உரக்க வாசித்துவிட்டேன். வாசித்த பிறகுதான் புரிந்தது. போன மே மாதம் ஆறு மணி நேரம் அந்தக் கதவைப் பிடித்தாள், அண்ணி. இடையில் ஒரு முறை குனிந்து உட்கார்ந்தாள். "என்னடி, அதுக்குள்ள களைச்சுட்டியா?" என்று நான் கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீ கத்து" என்றாள். நானும் கத்தினேன்.

மூன்று நாள் கத்திவிட்டு நான்காம் நாள் தாய்மாடுகள் புல்லைப் பார்த்துப் போய்விடும். இந்த வருஷமும் போயின, ஒன்றைத் தவிர. டாஃபியை உங்களுக்கு நினைவிருக்கும். பத்து வருஷத்துக்கு முன் தாய் செத்துப்போய், நோரீன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த செவலை. அது எட்டாம் நாளும் வேலியில் தாடையை வைத்துக்கொண்டு கத்தியது. நேற்று டாரில் ஷோனாவோடு வந்து பார்த்தான்.

"என்னய்யா இது, இன்னும் நிக்குது?"

"நிக்கட்டும்."

"மாட்டு டாக்டர் கைய விட்டுப் பாத்து, செனை இல்லன்னு சொல்லிட்டார்ல? செவ்வாக்கெழம கசாப்பு வண்டில ஏத்திடு. செனை நிக்காததெல்லாம் வண்டிக்குன்னு சட்டம் போட்டவனே நீதானய்யா."

"நீங்க செத்த வாய மூடுங்க. அது நோரீன் அக்கா வளத்தது" என்றாள் ஷோனா.

எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. டாஃபியின் கன்று ஐந்தாம் நாளே மற்றவற்றோடு வைக்கோலில் தலையை விட்டுவிட்டது. டாஃபி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பார்ப்பது கவிழ்த்த வாளியை. நான் உங்கள் கடிதத்தை எடுத்தால் கத்தலை நிறுத்திக் காதை முன்னால் தள்ளிக் கேட்கும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, குரல் இது இல்லை என்று தெரிந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். அதை என்ன சொல்லித் தேற்றுவது? எனக்கே யாரும் சொல்லவில்லை.

மற்றபடி எல்லாம் நன்றாகவே நடந்தது என்பது மேலே கண்டதிலிருந்து தங்களுக்கு விளங்கியிருக்கும். கன்றுகளை நேற்று மாலை மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டாயிற்று. சமையல் செய்கிறேன். சட்டை துவைக்கிறேன். கதவு பிடிக்கவோ, கையைப் பிடிக்கவோ எனக்கு யாரும் தேவையில்லை. ஆகவே மஞ்சள் திரையை வேறு யாருக்காவது போடுங்கள். தங்கள் மூட்டுக்குச் சுகமும், தங்கள் தோட்டத்துக்கு மழையும், தங்கள் பூனைக்கு நல்ல புத்தியும் கிடைக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மரமண்டை,
மெர்வின் பாஸ்கோ

பின்குறிப்பு: வரமாட்டேன், வராதீர்கள் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், பேனாவால் அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும். அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வாருங்கள், வண்டியோடு வந்து நிற்கிறேன். டாஃபியைச் செவ்வாய்க்கிழமை ஏற்றப் போவதில்லை என்று டாரிலிடம் சொல்லிவிட்டேன். பெட்டியில் துணியைக் குறைத்துக்கொண்டு, நோரீன் உங்களுக்கு எழுதிய பதில்களை எல்லாம் எடுத்து வாருங்கள். போன மே மாதம் நீங்கள் கேட்டதற்கு அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். என் கையில் கொடுக்க வேண்டாம். வாளியில் உட்கார்ந்து நீங்களே வாசியுங்கள். டாஃபி வேலியோரம் நிற்கும், ஒன்றும் செய்யாது. நானும் அதன் பக்கத்தில் நிற்பேன். உங்கள் குரல் அப்படியே அவள் குரல், அண்ணி. நான் தொலைபேசியை எடுக்காததற்குக் காரணம் அதுதான்.