தினையைத்தான் இடிக்கச் சொன்னேன், பாவா!

தணிகை முருகன் துணை

திருத்தணி

மரியாதைக்குரிய பாவா பூபாலன் அவர்களுக்கு, மைத்துனன் தணிகாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி ரத்தினம்மாள், உங்கள் கோழிகள் எல்லோரும் நலம். பிரசவம் பார்க்கப் போயிருக்கும் அரக்கோணத்தில் தாங்களும், என் அக்கா வள்ளிநாயகியும், பிள்ளை பெற்ற மகள் மோகனப்ரியாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே தாங்கள் எழுப்பிய சுவர் மட்டும் நலமாக இல்லை. அதாவது, அது இப்போது இல்லவே இல்லை.

என் போனைத் தாங்கள் எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள். ஆடிக்கிருத்திகைக்குத் தினைமாவு வேண்டும், தாயம்மாளை வரச் சொல்லி இடித்து வையுங்கள் என்று ரத்தினம்மாள் ஒரு நம்பரைக் கொடுத்தாள். போட்டேன். எடுத்தது ஆண் குரல். தாயம்மாள் புருஷன் என்று நினைத்து, "காலையில வந்து இடிச்சிக் குடுக்கணும்பா" என்றேன். "ஆங், வந்துடறேங்க. முழுசா இடிச்சிடலாமா?" என்றான். அரைகுறையாக இடித்தால் தொண்டையில் சிக்குமே என்று, "நல்லா நைசா இடிச்சிடு, கட்டி கிட்டி இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் காலையில் மலைக்குப் போய்விட்டேன். சாமி கும்பிட்டுத் திரும்பி வந்தால், கொத்தனார் ராஜவேலு வாசலில் உட்கார்ந்து டீ குடிச்சிகினு இருக்கிறான், பின்பக்கம் சுவரைக் காணோம், செங்கல்லெல்லாம் பொடிப்பொடியாகக் கிடக்குது, "நைசா இடிச்சிட்டேங்க, ஒரு கட்டி இல்ல பாருங்க" என்கிறான். நான் என்ன செய்வேன் பாவா? வானத்துக்கும் இடி, பஸ் கூட்டத்துக்கும் இடி, மாவுக்கும் இடி, மதிலுக்கும் இடி என்று ஒரே சொல்லை எல்லாத்துக்கும் வெச்சிகினு இருந்தால், நான் மட்டும் எப்படிப் பொறுப்பாவேன்?

என் முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி வருகிறது என்றுதானே சுவர் கட்டினீர்கள்? பூச்சி சுவரேறி வந்துகொண்டுதான் இருந்தது. வராமல் போனது நாம்தான். ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்க அக்கா தெருவைச் சுற்றி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இன்றைக்கு உங்கள் செடிகளுக்கு நானே தண்ணீர் ஊற்றினேன். உங்கள் கோழிகள் எங்கள் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டன. விரட்ட மனசு வரவில்லை. கிருத்திகைக்கு அவசியம் வாருங்கள். பார்த்துவிட்டு, சுவர் வேண்டும் என்றால் நானே கட்டித் தருகிறேன். முருங்கையையும் வெட்டிவிடுகிறேன். என்னை மன்னித்து, முன்போலப் பேசினால் போதும்.

குழந்தைக்கு என் ஆசியும் முத்தமும். தணிகைமலையான் இரு வீட்டையும் ஒரு வீடாகக் காக்கட்டும்.

அன்புள்ள மைத்துனன்,
தணிகாசலம்

பி.கு.: உறையை ஒட்டும் முன் ரத்தினம்மாளிடம் படித்துக் காட்டி, "இப்ப தினைமாவுக்கு என்னா பண்றது?" என்று கேட்டேன். "அதான் அண்ணி அரக்கோணத்துலயே மிஷின்ல அரைச்சி, போன வாரமே குடுத்தனுப்பிட்டாங்களே" என்கிறாள். "அப்ப எதுக்கு எனக்கு நம்பர் குடுத்த?" என்றேன். "நம்பரும் அண்ணி குடுத்ததுதாங்க. பேசாம ஒட்டுங்க" என்கிறாள். எங்கேயோ இடிக்கிறதே என்று அப்போதே நினைத்தேன். ஆகவே பாவா, மேலே நான் கேட்ட மன்னிப்பு அத்தனையும் வாபஸ். சுவரைத் திரும்பக் கட்டுவதென்றால் அக்காவிடமே பேசிக்கொள்ளுங்கள். கொத்தனார் நம்பரும் அவளிடம்தான் இருக்கிறது.