எதிர்வீட்டுப் பெட்டி

"மூணடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். பூட்டு மாட்ட நாதாங்கி வேணும் ஆசாரி. பயல மெட்ராசுக் காலேசுல சேக்குறேன்."

எதிர்வீட்டுத் தங்கச்சாமி இப்படிச் சொன்னதும் ஆசைத்தம்பி ஆசாரியின் இழைப்புளி பாதிப் பலகையில் நின்றுவிட்டது.

தங்கச்சாமி மகன் இராமநாதனும் ஆசாரி மகன் நாகநாதனும் ஒரே வகுப்பு. மார்க்கில் நாகநாதன்தான் கூட. காரைக்குடிக் காலேஜிலேயே அவனுக்குப் பி.யூ.சி. இடம் கிடைத்துவிட்டது. சைக்கிள் மிதித்தால் கால் மணி நேரம், மத்தியானம் வீட்டுச் சோறு. நேற்றுவரை அதைச் சொல்லிச் சொல்லித் தெருவையே ஓடவைத்தவர் ஆசாரி.

"மெட்ராசு ரொம்பத் தொலவாச்சே, அண்ணே?"

"என்ன செய்யிறது, எல்லாம் தலையெழுத்து," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தங்கச்சாமி போனார்.

ஆசாரி உள்ளே பாய்ந்தார். "வள்ளிக்கண்ணு, அந்தாளு நடிப்பப் பாத்தியா? பெருமைய உள்ள அமுக்கிக்கிட்டு மொகத்தத் தொங்கப் போடுறாரு!"

வயிறு எரிந்தது. அன்று அடுப்புப் பற்றவைக்காமலே அந்த வீட்டில் உலை கொதித்திருக்கும்.

"நம்ம பயலும் மெட்ராசுக்குத்தான் போறான்," என்றார்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு? அங்குட்டுப் போனா ஆஸ்டலு, சாப்பாடு, ரயிலுன்னு செலவு எம்புட்டு ஆகும்?" என்றாள் மனைவி.

"செலவப் பாத்தா அனுபவம் கெடைக்குமாடி? கடலப் பாப்பான். டிராம் வண்டியப் பாப்பான்."

"டிராம நிறுத்திப் பதினஞ்சு வருசம் ஆச்சுப்பா. எனக்கு இங்கனயே படிக்கணும்," என்றான் நாகநாதன்.

"எதிர்வீட்டுப் பய மெட்ராசுல சுத்துவான், நீ தூக்குச்சட்டியோட சைக்கிள்ல சுத்துவியா? வாய மூடு!"

மறுநாளே காலேஜுக்குப் போய், மகனுக்கு இடம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துச் சர்ட்டிபிகேட்டுகளைத் திரும்ப வாங்கினார்.

"நல்லா யோசிச்சீகளா? எடம் கெடைக்காம எத்தனையோ பேரு காத்துக் கெடக்காக," என்றார் குமாஸ்தா.

"கெடக்கட்டும்!" என்றார் ஆசாரி.

மெட்ராஸில் இடம் கிடைத்தது. வள்ளிக்கண்ணுவின் சங்கிலி ஆஸ்டல் சம்பளமாயிற்று. அவள் மூன்று நாள் பேசவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று ஆசாரி பெட்டி வேலையில் இறங்கினார்.

தங்கச்சாமியின் பெட்டியை அரைகுறையாகப் போட்டுவிட்டு, அவர் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே வைத்து மகனுக்குச் செய்தார். அவர் சொன்ன அளவைவிட எல்லாப் பக்கமும் ஓரடி கூட. நல்ல தேக்கு, பித்தளைப் பூண்.

"இதுக்குள்ள நானே படுத்துக்கிறலாம் போலயே. எங்கிட்ட இருக்கறது நாலு சட்டை," என்றான் நாகநாதன்.

"எதிர்வீட்டுக்காரன் பாக்கணும்ல!"

புறப்படும் நாள் காலையில்தான் தெரிந்தது. பெட்டியின் அகலமும் உயரமும் மூன்றடி, வாசல் இரண்டரையடி. நிமிர்த்தினார்கள், படுக்கவைத்தார்கள், சாய்த்தார்கள். ஊரில் பாதி வீட்டுக்கு நிலை வைத்தவர் தன் வீட்டு வாசலை அளக்க மறந்திருந்தார்.

"பெட்டியப் பிரிங்க," என்றாள் வள்ளிக்கண்ணு.

"நெலையப் பேக்குறேன்," என்றார் ஆசாரி.

பெயர்த்தார். கூடவே ஒரு முழம் சுவரும் வந்தது.

பெட்டி மாட்டு வண்டியில் ஏறியது. ரயிலுக்கு நேரமாகியிருந்தாலும் ஆசாரி வண்டியை எதிர்வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். தங்கச்சாமியின் மனைவி ஒச்சம்மாள் சிரித்த முகமாக வெளியே வந்தாள். உள்ளே பாயச வாசனை.

"எம் மகன் மெட்ராசுக்குப் படிக்கப் போறான், மதினி," என்று ஆசாரி பெட்டியைத் தட்டிக் காட்டினார். "ஒங்க பெட்டி நாளைக்கு முடிஞ்சுரும். ஒங்க மகன் எப்பக் கெளம்புறாப்ல?"

"அட, அந்தப் பொட்டி இனி எதுக்கு ஆசாரி?" என்றாள் ஒச்சம்மாள். "நம்மூருக் காலேசுல எடம் இல்லேன்னுதான் அம்புட்டுச் செலவுக்கு எங்க போகன்னு அழுதுக்கிட்டுக் கெடந்தோம், எந்தக் கிறுக்கன் பெத்த பிள்ளையோ, கெடச்ச எடத்த வேணாம்னு எழுதிக் குடுத்துட்டானாம், அது எம் பிள்ளைக்கு வந்திருச்சு!"