புரட்சி வரட்டும், கை மட்டும் படக்கூடாது

புரட்சிக்காரர்களில் ஏகப்பட்ட ரகம் உண்டு. கொடி பிடிக்கிறவர், கொடி பிடிக்கிறவருக்குச் சாயா வாங்கிக் கொடுக்கிறவர், போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டதும் கொடியைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு வெற்றிலைக் கடையில் விலை விசாரிக்கிறவர். நான் சொல்லப்போகிறவர் இவர்களில் யாரும் இல்லை. முதல் வரிசை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து புரட்சியை மேற்பார்வை பார்க்கிறவர். உலகம் தலைகீழாகப் புரளட்டும், அவருக்குப் பூரண சம்மதம். புரளும்போது எந்தப் பெண்ணின் முந்தானையும் விலகக் கூடாது. அவ்வளவுதான்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேடையில் "சுரண்டல் ஒழிக!" என்றதும் இவர் தட்டுகிற தட்டில் பந்தல் கால் ஆடும், பக்கத்து வரிசைக் குழந்தை வீறிட்டு அழும். அதே மேடையில் ஒரு பெண் வந்து நின்றுவிட்டால் போதும், வேப்பெண்ணெய் குடித்த முகம். உடனே கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்வார். எதற்கு? நன்றாகப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாமா? போன தடவை சரியாக அதிர்ச்சி அடையவில்லை என்று மறுநாளும் அதே நாடகத்துக்கு வருவார். வாயைத் திறந்தால் ஒரே வாசகம்: "நான் புரட்சிக்கு எதிரி இல்ல. ஆனா…" அந்த "ஆனா"வுக்குப் பின்னால் ஒரு யானையையே ஒளித்து வைக்கலாம்.

எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் இந்த ரகத்துக்கு ராஜா, சுக்குக் கிடங்கு முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி. சிவப்புக் கொடிக்காரர்கள் ஆட்சிக்கு வந்த புதிது. கொடிக்குப் பயந்தவர்களெல்லாம் கொடிக்குச் சொந்தக்காரர்களாக மாறிக்கொண்டிருந்த காலம். அண்ணாச்சியும் ஒரே ராத்திரியில் சிவப்புக் கைக்குட்டைக்கு மாறினார். தன்னைச் "சகாவ் முதலாளி", அதாவது தோழர் முதலாளி, என்று கூப்பிடச் சொன்னார். கிடங்குத் தொழிலாளர் சங்கம் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறது என்று கேள்விப்பட்டதும், தன் முற்றத்தையும் பந்தலையும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளையும் கொடுத்தார். கூடவே தன்னையும் நாடகக் கமிட்டித் தலைவராகக் கொடுத்துவிட்டார். விளக்கை வாங்கிக்கொண்டு ஆளை மட்டும் திருப்பி அனுப்ப முடியுமா?

நாடகம் எழுதியவர் தையல்காரர் ரஷீது. கதை ரொம்பச் சின்னது. ஒரு ஜமீன்தார் வயலில் வேலை செய்கிற பெண்ணின் கையைப் பிடிக்கிறான். அவள் ஓங்கி ஒரு அறை விடுகிறாள். அந்தச் சத்தத்தில் ஊரே எழுந்து கொடியோடு வருகிறது.

அந்தப் பெண்ணாக நடிக்க முன்வந்தவள் சந்தனமாரி. அண்ணாச்சி கிடங்கில்தான் சுக்குப் புடைக்கிறாள். ஆம்பிளைக்கு மீசையை மழித்துச் சேலை கட்டிவிட்டே பழகிய ஊரில், ஒரு பெண் தானாக வந்து கேட்டால் எப்படி இருக்கும்?

"பெருசா வசனம் ஒண்ணும் வேணாம் ரஷீதண்ணே. எல்லாத்தையும் வெட்டிக்கோங்க. அந்த அறை மட்டும் எனக்கு வேணும்" என்றாள்.

"அதென்ன அறை மேல அப்படி ஒரு ஆசை?"

"சுக்குத் தூசியில கண்ணைத் தொறக்க முடியாம உக்காந்திருக்கோம்ணே. ஆனா கங்காணி கை எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு எங்க பத்துப் பேருக்கும் நல்லாத் தெரியும். மொதலாளிகிட்டச் சொன்னா, 'அது கிடங்கு விஷயம், இங்க பேசாத'ங்கறாரு. கிடங்குல அறைஞ்சா வேலை போயிரும். மேடையில அறைஞ்சா போகாதுல்ல? அந்தக் கங்காணி பார்க்கட்டும்."

ரஷீது நாடக நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

கமிட்டி கூடியது. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "நான் புரட்சிக்கு எதிரி இல்ல. ஆனா, அடுத்த ஆம்பிளை ஒரு பொம்பளை கையைத் தொடுறதா? அதுவும் நம்ம விளக்கு வெளிச்சத்துல?"

"கையைத் தொடாம எப்படி அண்ணாச்சி கையைப் பிடிக்கறது?" என்றார் ரஷீது.

யோசித்து யோசித்து அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தனமாரியின் சொந்தப் புருஷன் பிச்சைமணியே ஜமீன்தாராக நடிக்கட்டும். பிச்சைமணி படகுத்துறையில் கைவண்டி தள்ளுகிறவன். மீசை மட்டும்தான் ஜமீன்தாருடையது, மற்றதெல்லாம் பச்சைக் குழந்தை. சரி என்று ஒத்திகை பார்த்தார்கள். சந்தனமாரி கையை ஓங்கினாள். அண்ணாச்சி நாற்காலியோடு துள்ளினார்.

"நிறுத்து! பெண்டாட்டி புருஷனை அறையறதா? நாலு பேர் பார்க்கவா? அறையை வெட்டு!"

"அப்புறம் புரட்சி எப்படி அண்ணாச்சி வரும்?"

"அவ கையெடுத்துக் கும்பிட்டு, 'உங்க மனசாட்சிக்கே விட்டுர்றேன்'னு சொல்லட்டும். ஜமீன்தார் மனசு மாறி, அவரே கொடியைத் தூக்கிட்டு வரட்டும். புரட்சியை மொதலாளியே நடத்திட்டா அடிதடி கெடையாது பாரு."

ரஷீது வாயில் இருந்த குண்டூசியை விழுங்காமல் இருந்தது பெரிய அதிசயம்.

நாடக நாள். கொச்சியில் பாதி சனம் முற்றத்தில், மீதிப் பாதி சுவர் மேல். திரைக்குப் பின்னால் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். பிச்சைமணி ஜமீன்தார் சட்டையின் ஒட்டுச் சரிகை குத்தின கழுத்தைச் சொறிந்துகொண்டே கிட்ட வந்தான்.

"ஏட்டி மாரி, அடிச்சிரு."

"மொதலாளி வெட்டிட்டாருல்ல?"

"அவரு வெட்டுனா என்ன? கன்னம் என்னுதுதான. வீட்டுல வாங்காததா?"

திரை விலகியது. பிச்சைமணி, கோழிக்குஞ்சைப் பிடிப்பது மாதிரி அவள் இடது கையைப் பிடித்துவிட்டு, பயத்தில் உடனே விட்டும்விட்டான். சந்தனமாரி வலது கையை ஓங்கினாள். முதல் வரிசையில் பூகம்பம். "ஏய்! புருஷனை அடிக்கிறியா? நிறுத்து!" என்று அண்ணாச்சி ஒரே தாவலில் மேடைக்குப் போனார், ஓங்கிய கையை மணிக்கட்டோடு எட்டிப் பிடித்தார். இறுக்கி.

கமிட்டி வெட்டினதெல்லாம் சனங்களுக்கு என்ன தெரியும்? பட்டுச் சட்டை போட்ட, மோதிரம் மின்னுகிற ஒரு கை, ஒரு கூலிக்காரியின் கையை முறுக்கிப் பிடித்திருக்கிறது. அது தெரிந்தது.

"விடுடா கையை!" என்று ஒரு குரல். "அடிடி அவன!" என்று சுவர் மேலிருந்து பத்துக் குரல்.

வலது கை பிடிபட்டிருந்தது. அதனால் என்ன? சந்தனமாரி இடது கையால் விட்டாள். அந்தச் சத்தத்தில் எறணாகுளம் போகிற மோட்டார் படகு நடுக்காயலில் நின்றுவிட்டதாகவும், டிரைவர் இறங்கி எஞ்சின் வெடித்துவிட்டதா என்று பார்த்ததாகவும் சொல்கிறார்கள். காயலில் எப்படி இறங்கினார் என்று என்னைக் கேட்காதீர்கள். கொடியோடு வரவேண்டிய நடிகர்களுக்கு முன்னாலேயே சனங்கள் கொடியோடு எழுந்துவிட்டார்கள். விசில், கைதட்டல், "வில்லன் வில்லன்! கிடிலன் வில்லன்!" என்று மலையாளத்தில் ஒரு கூத்து. கிடிலன் என்றால் பிரமாதம்.

அண்ணாச்சி கன்னத்தைப் பிடித்தபடி நின்றார். அவர் முன்னால் இரண்டே வழி. இது நிஜம் என்றால், சகாவ் முதலாளி ஆயிரம் பேருக்கு முன்னால் தன் கூலிக்காரியிடம் அறை வாங்கினார். இது நாடகம் என்றால், அவர் பெரிய நடிகர்.

அண்ணாச்சி மெதுவாகக் குனிந்து சனங்களைக் கும்பிட்டார்.

மறுநாள் காலை சந்தனமாரி முறத்தோடு கிடங்கு வாசலுக்கு வந்தாள். உள்ளே விடுவார்களா என்று அவளுக்கே தெரியாது. கங்காணி அண்ணாச்சியின் காதருகே குனிந்தார். "இவள வெளிய அனுப்பிரட்டா மொதலாளி?"

"யோவ், நடிச்சதுக்கு வேலைய விட்டு நிறுத்துறதா? அப்ப ஊரு அது நெசம்னுல்ல சொல்லும்! நீ உள்ள போ புள்ள."

அவள் உள்ளே போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கங்காணிக்கு முந்தின நாள் நாடகத்தில் இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்திருந்தது. அன்றிலிருந்து அவர் கிடங்குக்குள் நடக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார். மரியாதையான மனுஷர் என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள்.

காயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கலூர்க்காரர்கள், தங்கள் ஊரிலும் நாடகம் போடச் சொல்லி வந்தார்கள். ஒரே நிபந்தனை, அதே வில்லன் வேண்டும். அண்ணாச்சி இப்போது, "கலையில கை படறது கை படறதே இல்ல" என்று சாயாக் கடையில் பிரசங்கம் செய்கிறார். ரஷீதைத் தனியாகக் கூப்பிட்டு மட்டும், "கொஞ்சம் மெல்ல அறையச் சொல்லப்படாதா?" என்றார்.

"மெல்ல அறைஞ்சா புரட்சி வராது அண்ணாச்சி, கேட்டோ?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் இதுவரை படித்ததில், "அதுக்காக ஒரு பொம்பளை கைநீட்டலாமா" என்று எங்கேயாவது ஒரு நொடி மனசுக்குள் தோன்றியதா? தோன்றியிருந்தால் தப்பில்லை. கலூர் நாடகத்துக்கு மட்டும் பின் வரிசையில் இடம் பார்த்து உட்காருங்கள். சந்தனமாரிக்கு இரண்டு கையும் பழகிவிட்டது.