கீழ்ப் புள்ளி

மேலே எட்டு, கீழே இருபத்தேழு.

தண்ணி சார் கருவியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். சீசாவைச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி உள்ளே வைத்தார். கருவி கொஞ்சமும் மனம் மாறாமல் இருபத்தேழு என்றே காட்டியது.

பழைய பாலத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிய பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ஓடும் ஓடையிலிருந்துதான் ஊருக்குக் குடிதண்ணீர் போகிறது. அதனால் வேலை முடியும் வரை மண்ணோ சிமெண்டோ எண்ணெயோ ஓடையில் கலக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த ஆள் இவர். தினமும் பாலத்துக்கு மேல்பக்கம் ஒரு சீசா தண்ணீர், கீழ்ப்பக்கம் ஒரு சீசா தண்ணீர் எடுத்து, எது எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். கீழ்ப் புள்ளியின் எண் மேல் புள்ளியைவிடப் பத்துக்கு மேல் கூடக் கூடாது. தொடர்ந்து மூன்று நாள் கூடினால் வேலை நின்றுவிடும். மழைக்காலம் முடிகிறவரை யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

வேலையாட்கள் அவருக்குத் தண்ணி சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை யாரோ கேட்டுவிட்டு அவர் மனைவியிடம் போய், "எத்தனை வருஷமாங்க இந்தப் பழக்கம்?" என்று பரிவோடு விசாரித்ததும் உண்டு.

நாலு மாதமாக வித்தியாசம் மூன்றைத் தாண்டியதில்லை. இன்று பத்தொன்பது.

"நேத்துதானே பழைய பாலத்தோட மிச்சத் தூண உடைக்க ஆரம்பிச்சோம்," என்றார் இன்ஜினியர். "இன்னைக்கே காட்டிடுச்சு பாருங்க."

"உடைக்கிறதால வரக் கூடாது சார். தூணைச் சுத்தி வண்டல் தடுக்கிற துணி கட்டியிருக்கேன்."

"துணில ஓட்டை இருக்கும்."

துணியில் ஓட்டை இல்லை. இருந்தாலும் தண்ணி சார் அதன்மேல் இன்னொரு துணியைச் சுற்றிக் கட்டச் சொன்னார். கட்டி முடித்ததும் போய் மறுபடி அளந்தார். முப்பத்துநாலு.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, கட்டிலின்மேல் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. அதில் இன்னும் எதுவும் வைத்திருக்கவில்லை. ஆனால் திறந்திருந்தது.

அவர் மனைவி ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகளும் அங்கேதான் படிக்கிறாள். பாலம் இருந்தவரை பத்து நிமிஷத்தில் போய்விடுவார்கள். இப்போது ஊரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மனைவியின் அம்மா வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெரு.

"எதுக்குப் பெட்டி?"

"மழைக்கு முன்னாடி பாலம் முடிஞ்சிடும்னு சொன்னீங்க. முடிஞ்சா சரி. முடியலன்னா நானும் பாப்பாவும் அம்மா வீட்ல இருந்துக்கறோம். மழை நின்னு, நீங்க பாலம் கட்டி, நாங்க அது மேல நடந்து வரோம்."

"அது வரைக்கும் நான் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும், அடுப்புக்கும் தெரியும்." மனைவி அவர் காலைப் பார்த்தாள். "ஏன் பேண்ட் இப்படி நனைஞ்சிருக்கு?"

"கீழ்ப்பக்கம் வேலையாளுங்க குறுக்கால நடக்கறதுக்குப் பலகை போட்டிருந்தாங்கல்ல, அத நேத்துப் பிரிச்சு எடுத்துட்டாங்க. அது மேல குந்திக்கிட்டே சீசாவ ரொப்பிடுவேன். இப்ப தண்ணில இறங்க வேண்டியதா இருக்கு."

"பூட்ஸ் குடுக்கலையா?"

"குடுத்தாங்க. ஒரு கால்ல ஓட்டை."

மனைவி அலமாரியிலிருந்து மகளின் ஸ்வெட்டரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். சமையலை விடுங்கள். மகள் இல்லாத வீட்டில் மூன்று மாதம் இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் ஓடைக்கு எல்லோரையும்விட முன்னால் போய்ச் சேர்ந்தார். மேல் புள்ளியில் தொல்லையே இல்லை. கரையிலிருந்து தட்டையான பாறை ஒன்று ஓடைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் உட்கார்ந்து கையை நீட்டினால் வேலை முடிந்தது. கீழ்ப் புள்ளிதான் பாடாய்ப் படுத்தியது. அங்கே கரை செங்குத்தாக இருந்தது. கொஞ்சம் மேலே தள்ளிச் சரிவாக இருந்த இடத்தில் இறங்கி, ஓட்டைப் பூட்ஸில் தண்ணீர் ஏற ஏற, சறுக்கிவிடாமல் அடிமண்ணில் காலை நன்றாக ஊன்றி ஊன்றி நடந்து வந்து, நடு ஓடையில் நின்று குனிய வேண்டும்.

முப்பத்தெட்டு.

நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அதற்குள் கரையில் கிரேன் உறுமத் தொடங்கியிருந்தது. அதை ஓட்டுகிறவர் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். அதனால் அவருக்கு மாடிக்காரர் என்று பெயர்.

"இதுதான்," என்றார் தண்ணி சார். "இது அதிர்ற அதிர்ச்சில கரை மண்ணு உதிருது. எஞ்சின நிறுத்துங்க."

எஞ்சின் நின்றது. மாடிக்காரர் கூண்டிலிருந்து தலையை நீட்டினார்.

"சார், எவ்வளவு நேரம்?"

"நான் அளந்து முடிக்கிற வரைக்கும்."

அவர் கரையேறினார். பத்து நிமிஷம் காத்திருந்தார். மறுபடி இறங்கி, ஊன்றி ஊன்றி நடந்து, குனிந்து எடுத்தார். நாற்பத்தொன்று.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் மாடிக்காரர் மேலேயிருந்து.

"நீங்க ஒண்ணும் கேக்க வேணாம். வாயத் தொறக்காம அப்படியே உக்காருங்க."

மாடிக்காரர் அப்படியே உட்கார்ந்தார். எஞ்சின் ஓடாத கிரேனில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஓடையைப் பார்த்தார்.

அன்று தண்ணி சார் செய்யாத காரியம் இல்லை. லாரிகளின் சக்கரத்தைக் கழுவாமல் உள்ளே விடக் கூடாது என்று வாசலில் ஒரு குழி வெட்டினார். கரை முழுக்கக் கோணியை விரித்து முளையடித்தார். சிமெண்ட் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, அந்தத் தார்ப்பாயை இன்னொரு தார்ப்பாயால் மூடினார். வேலையாட்கள் கை கழுவும் தொட்டியைச் சாலைக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். கை கழுவப் போனவர்கள் அங்கேயிருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு காரியம் முடிந்ததும், பலன் தெரிகிறதா என்று பார்க்க அவரே இறங்கி அளந்தார். குழிக்குப் பிறகு நாற்பத்துநாலு. கோணிக்குப் பிறகு நாற்பத்தொன்பது. தார்ப்பாய்க்குப் பிறகு ஐம்பத்திரண்டு. தொட்டியை நகர்த்திய பிறகு வந்த எண்ணை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இன்ஜினியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு நாள் ஆயிடுச்சு. நாளைக்கு அதிகாரி வராங்க. அவங்க வர்றதுக்குள்ள காலையில நீங்க எடுத்து எழுதற எண்ணு நல்லா இருந்தாப் போதும், கணக்கு முதல்லேருந்து ஆரம்பிச்சிடும்."

"நல்லா இருந்தா எழுதப் போறேன்."

"நான் என்ன சொல்றேன்னா," என்று இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார், "அந்தப் பாறை மேல உக்காந்தே ரெண்டு சீசாவையும் ரொப்பிடுங்களேன். எதுக்கு அனாவசியமா தண்ணில இறங்கி அவஸ்தப்படறீங்க?"

தண்ணி சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தண்ணி சாரின் நேர்மையில் யாரும் குறை சொல்ல முடியாது. புத்திசாலித்தனத்தில் வேண்டுமானால் சொல்லலாம்.

"ஊரே குடிக்கிற தண்ணி சார் இது. என் பொண்ணும் குடிக்கறா. நான் கீழ இறங்கித்தான் எடுப்பேன்."

"இறங்குங்க," என்று பெருமூச்சு விட்டார் இன்ஜினியர்.

அன்று சாயங்காலம் பெட்டி பாதி நிறைந்திருந்தது. மகள் அதன் விளிம்பில் உட்கார்ந்து, பாட்டி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய பொம்மைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தண்ணி இன்னும் அழுக்கா இருக்கா?"

"ஆமாம்மா."

"யாருப்பா அழுக்குப் பண்றாங்க?"

"அதத்தான் தேடிட்டு இருக்கேன். கண்டுபிடிச்சா சும்மா விட மாட்டேன்."

மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாரையும் விசாரிச்சீங்களா?" என்றாள்.

"ஒருத்தர் விடாம."

மூன்றாம் நாள் காலையில் கீழ்ப் புள்ளியில் ஐம்பத்தெட்டு. தண்ணி சார் அதை அப்படியே எழுதிவிட்டு, கரையில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்த தண்ணீரைக் கவிழ்த்தார்.

அதிகாரி வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. வந்ததும் துணியைப் பார்த்தார், கோணியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். ஒரு தார்ப்பாயைத் தூக்கி, அதன் கீழே இன்னொரு தார்ப்பாய் இருந்ததையும் பார்த்தார்.

"இவ்வளவு ஜாக்கிரதையா நான் எந்த வேலையிலயும் பாத்ததில்ல," என்றார். "அப்புறம் ஏன் கலங்குது?"

"அதான் மேடம் புரியல."

"சரி, என் முன்னாடி ஒரு தரம் எடுங்க. சாட்சிக்கு எல்லாரும் கூட நிக்கணும், அதான் விதி."

விதிப்படி எல்லோரும் இறங்கினார்கள். முன்னால் தண்ணி சார், அவருக்குப் பின்னால் அதிகாரி, அதிகாரியின் உதவியாளர், இன்ஜினியர், சீசாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மேஸ்திரி. இன்ஜினியர் நடு வழியில் சறுக்கி மேஸ்திரியைப் பிடித்தார். மேஸ்திரிக்குப் பிடிக்க ஆள் இல்லாததால் இருவரும் உட்கார்ந்தார்கள். எழுந்து, நின்று, நிலைப்பட்டு, எல்லோரும் பார்க்கத் தண்ணி சார் குனிந்து சீசாவை முக்கினார்.

நூற்றுப்பன்னிரண்டு.

யார் முகத்திலும் ஈயாடவில்லை. தண்ணி சார் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த ஓடை. அவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

கரையேறியதும் அதிகாரி ஒரு படிவத்தை எடுத்து வைத்து எழுதத் தொடங்கினார். வேலை நிறுத்த உத்தரவு. அவர் எழுத்து அழகாகவும் மெதுவாகவும் இருந்தது. தண்ணி சாரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி அனுப்பியிருந்தாள்: "பெட்டிய மூடவா, வேணாமா?"

அவர் போனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கட்டம் பாக்கி இருக்கு," என்றார் அதிகாரி. "இயந்திரம் ஓட்டறவர் வாக்குமூலம். யாரு?"

"அவர்கிட்ட என்ன மேடம் இருக்கப் போவுது? ரெண்டு நாளா சும்மாதான் உக்காந்திருக்கார்," என்றார் இன்ஜினியர்.

"கட்டம் இருந்தா ரொப்பணும்."

மாடிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ஏணியில் நிதானமாக இறங்கி வந்து, ஈரத்தில் சொட்டிக்கொண்டிருந்த ஐந்து பேருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பயப்படாமச் சொல்லுங்க," என்றார் அதிகாரி. "மேலேருந்து உங்களுக்கு ஓடை முழுசாத் தெரியும். தண்ணி எதனால கலங்குது?"

மாடிக்காரர், பேசலாமா என்பதுபோலத் தண்ணி சாரைப் பார்த்தார். தண்ணி சார் தலையசைத்தார்.

"நாள் பூரா அடியில கெடக்கற கூழாங்கல்லு வரைக்கும் பளிச்சுன்னுதான் தெரியுது மேடம், சார் இறங்கி மண்ண மிதிச்சுக்கிட்டு வரப்பத்தான் கலங்குது, மருந்து பாட்டில் மாதிரி, நல்லா கலக்கிட்டுத்தான் எடுக்கணும் போலன்னு நான் நெனச்சுக்கிட்டேன்."