பஸ் ஸ்டாண்டில் எடுத்த எழுநூற்று இருபது படங்கள்

எங்கள் குடும்பத்தில் கேமராவைத் தொட அனுமதி இல்லாத ஒரே ஆள் நான்தான். என் தங்கை மெர்சியின் மகனுக்கு எட்டு வயது. ஞானஸ்நானமோ கல்யாணமோ, அவன்கூடச் செல்போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் படம் எடுக்கிறான். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டாலே போதும், யாராவது ஒருவர் என் தோளில் கை போட்டு, "சாப்டியாப்பா?" என்று பந்திப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுவார். நாற்பதைத் தாண்டியவனுக்கு இது அவமானம்தான். ஆனால் தீர்ப்பு நியாயமானது. (அப்பீல் பண்ணும் எண்ணமும் எனக்கு இல்லை.)

இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது தொண்ணூறுகளில், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. திண்டுக்கல்லில் ஒரு பழைய பேப்பர் கடையில் கெட்டி அட்டையில் அச்சடித்த வெளிநாட்டு நகரப் படங்கள் கொஞ்சம் கிடைத்தன. கறுப்பு வெள்ளையில் எடுத்து, அதன்மேல் வண்ணம் ஏற்றி, அந்தக் காலத்தில் ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு விற்றவை. ஆறு, பாலம், மணிக்கூண்டு, ரோஸ் மில்க் நிறத்தில் வானம். ஒரு கரண்டுக் கம்பி கிடையாது, ஒரு சாக்கடை கிடையாது. திண்டுக்கல்லையும் இப்படிக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். சில வருடம் கழித்து ஒரு ஃபிலிம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு மலைக்கோட்டையில் ஏறி, ஒரு ரோல் முழுவதையும் ஊர் மேல் செலவழித்தேன். பிரிண்ட் போட்டு வந்தபோது அப்பா ஒவ்வொரு படத்தையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல நம்ம வீடு எங்கப்பு இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல், கலையில் போய் வீட்டைத் தேடுகிற மனிதரிடம் என்ன பேசுவது என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனேன்.

அப்பாவின் பெயர் அருளானந்தம். தோல் பதனிடும் ஆலை ஒன்றில் (எங்கள் ஊரில் தோல் ஷாப் என்போம்) தோல்களைத் தரம் பிரிக்கும் பகுதிக்கு சூப்பர்வைசர். காலை எட்டேகாலுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, அம்மா பின்னிய பச்சையும் வெள்ளையுமான வயர் கூடையில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு கிளம்புவார். மாலை ஆறேகாலுக்கு வருவார். இருபத்தைந்து வருடமாக அதே நேரம்.

இரண்டாயிரத்து ஏழில் எனக்கு வயது இருபத்தைந்து. பட்டம் வாங்கி மூன்று வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். (தேடினேன் என்பது வீட்டில் இருந்தவர்களின் நம்பிக்கை.) அப்போது குவைத்திலிருந்து வந்த சித்தப்பா ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே மாதம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு வீடியோ பார்த்தேன். ஏதோ ஒரு பெரிய நகரம். ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி, குறிப்பிட்ட இடைவெளியில் படம் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டியிருந்தார்கள். ஒரு முழு நாள் ஒரு நிமிடத்தில் ஓடி முடிந்தது. மேகம் குதிரை மாதிரி ஓடியது, மனிதர்கள் எறும்பாக ஓடினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மெர்சிக்கு நிலக்கோட்டையிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை ஜெரால்டு பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அசெம்பிளியில் நிற்பது போலவே சோபாவிலும் உட்காருகிறவர். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. சர்ச்சின் பங்கு மண்டபத்தில் இரண்டு வீட்டாரும் கூடியிருக்கும்போது திண்டுக்கல்லின் ஒரு நாளைத் திரையில் ஓட்டி எல்லோரையும் அசத்துவது என்று நான் திட்டம் போட்டேன். அசத்தல் என்றால் ரகசியமாக இருக்க வேண்டுமே. அதனால் தாடிக்கொம்பு கோவிலைப் படம் எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, விடியும் முன்பே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு லாட்ஜின் மொட்டை மாடிக்குப் போனேன். லாட்ஜ் என் நண்பன் ரபீக்கின் மாமாவுடையது. ரபீக் அங்கேதான் வரவேற்பில் உட்கார்ந்திருப்பான்.

என் கேமராவுக்குத் தானாகப் படம் எடுக்கத் தெரியாது. எனவே நானே அந்த எந்திரமானேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு ஒரு முறை பொத்தானை அமுக்க வேண்டும். ஆறிலிருந்து ஆறு வரை, எழுநூற்று இருபது முறை. கார்டில் இடம் போதாது என்று படத்தின் அளவை ஆகக் குறைவாக வைத்திருந்தேன். கீழே பஸ் ஸ்டாண்டு, அதன் ஓரத்தில் வேப்ப மரம், மரத்தடியில் ஒரு நீளமான சிமெண்டு பெஞ்சு, பின்னால் மலைக்கோட்டை. அட்டைப் படங்களில் பார்த்த வானம் இல்லைதான், ஆனாலும் எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஒன்பது மணி வாக்கில் ரபீக் டீ கொண்டுவந்தான். கீழே எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மாப்ள, இந்த எடம் வேணாம்டா. பின்பக்கம் போ, மலை நல்லாத் தெரியும்."

படத்தின் அமைப்பு பற்றி அவனுக்கு ஒரு சிறிய சொற்பொழிவு ஆற்றினேன். மத்தியானம் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து மறுபடியும் சொன்னான். உனக்கு ரசனை போதாது என்றேன். அவன் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, நான் பொத்தான் அமுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கழுத்து வெந்து போயிருந்தது. கண் கடிகார முள்ளில்தான். கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க நேரம் எங்கே இருந்தது?

பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் படங்களைக் கோர்த்து ஓட்டிப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. பஸ்கள் பாய்ந்து வந்து பாய்ந்து போயின. கூட்டம் பொங்கி வடிந்தது. இத்தனை ஓட்டத்துக்கும் நடுவில் ஒரே ஓர் ஆள் மட்டும் அந்த சிமெண்டு பெஞ்சில் அசையாமல் இருந்தார். முகம் மிளகளவு. வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. காலையில் பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தவர், மர நிழல் நகர நகர அதோடு வழுக்கிக்கொண்டே போய்ச் சாயங்காலம் மறு முனைக்கு வந்திருந்தார். இப்படி ஒரு ஆள் கிடைத்தது என் கலைக்கு ஆண்டவர் கொடுத்த வரம் என்று நினைத்தேன். கடைசியில் அவரை மட்டும் பெரிதாக்கி, சோகமான ஒரு புல்லாங்குழல் இசையும் சேர்த்தேன்.

நிச்சயதார்த்தம் காலை பதினொரு மணிக்கு நல்லபடியாக முடிந்தது. மோதிரம் மாற்றினார்கள், பங்குத் தந்தை ஜெபம் சொன்னார். பந்திக்கு முன்னால் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். ஜன்னல்களைச் சாத்தி, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, வாடகைப் புரொஜெக்டரைப் போட்டேன். முன் வரிசையில் ஜெரால்டின் அப்பா. அவருக்குப் பக்கத்தில் என் அப்பா.

படம் ஓடியது. முதல் பஸ் பாய்ந்ததுமே மண்டபம் சிரித்தது. பிறகு பெஞ்சு ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் நிழலோடு வழுக்க வழுக்க, சின்னப் பிள்ளைகள் கை தட்டின. தலைமை ஆசிரியரே உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"யாரு சார் இந்தாளு? நாள் பூரா அவருக்கு ஒரு பஸ்ஸும் வரலையா?" என்று என் அப்பாவிடம் கேட்டார்.

அப்பாவும் சிரித்தார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அதை நான் பார்த்தேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. என் படத்தைப் பார்த்து அப்பா சிரிப்பது அதுதான் முதல் தடவை.

முடிந்ததும் யாரோ இன்னொரு வாட்டி போடச் சொன்னார்கள். அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நான்தான் கலைஞனாயிற்றே. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை ஓட்டும்போது, மத்தியானத்தில் அந்த ஆள் மடியில் எதையோ வைத்துச் சாப்பிடும் இடத்தில் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, குச்சியால் தொட்டுக் காட்டினேன். "இந்த மனிதரைக் கவனியுங்கள். ஊரே ஓடுகிறது. இவருக்கு மட்டும் போக இடமில்லை" என்றேன். இந்த வாக்கியத்தை முந்தின நாளே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

மண்டபம் சிரித்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். திரையில் இருந்தவரின் முகத்தை அவள் பார்க்கவில்லை. முகம்தான் தெரியவில்லையே. குச்சி நுனியில் இருந்த பச்சையும் வெள்ளையுமான கட்டங்களைத்தான் பார்த்தாள்.

"இது நான் பின்னுன கூடையில்ல?" என்றாள். பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் என் கையில் மைக் இருந்தது.

சிரிப்பு ஒரே நேரத்தில் நிற்கவில்லை. முன் வரிசையில் முதலில் நின்று, பின்னால் வரிசை வரிசையாக நின்றது. கடைசி வரிசையில் ஒரு குழந்தை மட்டும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் புரொஜெக்டரை அணைக்கத் தெரியாமல் ஏதேதோ பொத்தானை அமுக்க, புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்துவிட்டது.

தலைமை ஆசிரியர் திரும்பாமலே கேட்டார். "எத்தன மாசமா?"

"எட்டு மாசமாச்சு சார்" என்றார் அப்பா. "ஷாப்ப மூடிட்டாங்க. கல்யாணம் முடியட்டும், சொல்லலாம்னு இருந்தேன்."

பெண்ணின் அப்பா வேலையில் இருக்கிறார் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரமே இருந்தது. எட்டு மாதம் யாருக்கும் தெரியாமல் காத்துவந்ததை, நான் குச்சி வைத்துக் காட்டிக் கொடுத்திருந்தேன். படம் எடுத்த அன்று மாலை அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "தாடிக்கொம்புல வெயிலு சாஸ்தியாப்பு?" என்று கேட்டிருந்தார். ஆமாம் என்றேன். "ஷாப்புலயும் இன்னைக்கு வேல சாஸ்தி" என்றார். இருவர் முகமும் ஒரே அளவுக்குக் கறுத்திருந்தது. ஒருவர் பொய்யை இன்னொருவர் நம்பிக் குழம்பை ஊற்றிக்கொண்டோம்.

நிலக்கோட்டைக்காரர்கள் சண்டை போடவில்லை. பிரியாணி சாப்பிட்டார்கள், வெற்றிலை வாங்கிக்கொண்டார்கள், வேனில் ஏறிப் போனார்கள். அதன்பின் நான்கு மாதம் அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை. மெர்சி மோதிரத்தைக் கழற்றவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை. எனக்குச் சோறு போடும் தட்டை மட்டும் மற்றவர்கள் தட்டைவிடக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

ரபீக்கிடம் போய்ச் சண்டை போட்டேன். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான். "பஸ் ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும்டா. டீக்கடைக்காரரு, பூக்காரக்கா, டிரைவருங்க எல்லாரும் பாக்காத மாதிரி இருந்தாங்க. பெத்த அப்பாவ உனக்கே அடையாளம் தெரியல. நான் எப்படிடா சொல்றது?"

அப்பா என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் திட்டவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் நானாகப் போய், ஏன் பஸ் ஸ்டாண்டைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டேன். (மன்னிப்புக் கேட்கப் போனவன்தான். வாயில் வந்தது இதுதான்.)

"நாள் பூரா உக்காந்திருந்தாலும் ஏன் உக்காந்திருக்கன்னு யாரும் கேக்காத எடம் அது ஒண்ணுதாம்ப்பு" என்றார். பிறகு, "படம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அவரால் அங்கே போகவும் முடியவில்லை. வேலை போனபோது அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த பெஞ்சுதான். அதையும் நான் பிடுங்கிவிட்டேன். எட்டேகாலுக்கு வெள்ளைச் சட்டை போட்டு வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அம்மா அவரிடம் மத்தியானச் சோற்றைத் தூக்குச்சட்டியில் கொடுப்பதா தட்டில் போடுவதா என்று தெரியாமல் இரண்டு நாள் தடுமாறினாள். நான் மூன்றாம் மாதம் ஒரு பூட்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருடமாகத் தேடியும் கிடைக்காத வேலை, உண்மையிலேயே தேடியதும் பதினொரு நாளில் கிடைத்தது.

ஐந்தாம் மாதம் ஜெரால்டு தனியாக பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய அப்பாவுக்குச் சம்மதம் இல்லை என்றும், ஆனால் கல்யாணத்துக்கு வருவார் என்றும் சொன்னார். அப்படியே நடந்தது. தலைமை ஆசிரியர் வந்தார், முன் வரிசையில் அசெம்பிளி மாதிரி உட்கார்ந்திருந்தார், அப்பாவோடு ஒரு வார்த்தை பேசாமல் போனார். கடைசிவரை பேசவில்லை. கல்யாண ஆல்பத்தில் என் அப்பா ஒரு படத்திலும் சரியாக இல்லை. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் எழுந்து எங்காவது போய்விடுவார்.

இதையெல்லாம் ஒருவழியாகச் சிரிப்பாக மாற்றியது ஜெரால்டுதான். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு நான் நிலக்கோட்டைக்குப் போனபோது வாசலிலேயே வைத்து உள்ளே குரல் கொடுத்தார்.

"மச்சான் வாராரு. எல்லாரும் அசைஞ்சுக்கிட்டே இருங்க."

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கு நான் போனாலும் இதுதான் வரவேற்பு. சித்தப்பா சொல்வார், அத்தை சொல்வாள், மெர்சியின் மகன்கூட இப்போது கையைக் காலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறான். அப்பாவே இரண்டொரு தடவை நாற்காலியில் உட்கார்ந்தபடி தோளைக் குலுக்கிக் காட்டியிருக்கிறார். சிரிக்காதவள் மெர்சி மட்டும்தான். யாராவது சொல்ல ஆரம்பித்தாலே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்பா போய்ச் சேர்ந்த அன்று யாரும் அதைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, நான் காலையிலிருந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் காலில் ஏறி, இடுப்புக்கு வந்து, முகத்துக்கு வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. மெர்சி காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"அசைண்ணே" என்றாள். "யாராச்சும் படம் புடிச்சிறப் போறாங்க."

அப்போதிலிருந்து அவளும் சொல்கிறாள்.