சீனியம்மாளுக்குத் துப்பாக்கி எடுக்கப் போன கதை

ஒரு காட்டில், செல்போன் சிக்னல்கூட வழி தெரியாமல் திரும்பிப் போகிற அடர்ந்த காட்டில், சீனியம்மாள் என்றொரு கோழி இருந்தாள். அவளுடைய குஞ்சுகளை ஒவ்வொன்றாக நரி கோவிந்தராசு தின்று தீர்த்துவிட்டான். மிச்சம் ஒரே ஒரு கடைக்குட்டி. அதையாவது காப்பாற்ற வேண்டுமே என்ற பயத்தில் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. துப்பாக்கி ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தாள்.

அந்தக் காட்டில் யாரும் தனியாகக் கடைக்குப் போவதில்லை. கல்யாணப் பட்டு எடுக்கிற மாதிரி ஊரே கிளம்பும். யானை வந்தார், எருமை வந்தாள், குரங்கு வந்தான். கூப்பிடாமல் விட்டால் மனத்தாங்கலாகிவிடும் என்று நரிக்கும் சொல்லி அனுப்பினார்கள். அவனும் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான்.

கடைக்காரர் அம்பலவாணன் ஒரு முள்ளம்பன்றி. "யாரைச் சுடணும்?" என்று கேட்டார்.

"இந்தா, இவரைத்தான்" என்று சீனியம்மாள் நரியைக் காட்டினாள். நரி கும்பிடு போட்டான்.

அம்பலவாணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எலி, அணிலுன்னா டூ-டூ ரகத் துப்பாக்கி போதும். நரிக்கு டூ-டூ-த்ரீ. குண்டு சின்னது, வேகம் ஜாஸ்தி, நேராப் போகும். முக்கியமா, சுடும்போது பின்பக்கமா ரொம்ப உதைக்காது. உங்க உடம்பு தாங்கும் தாயி."

சீனியம்மாள் தூக்கிப் பார்த்தாள். இறக்கைக்கு வாகாக இருந்தது. அவள் மனசுக்குப் பிடித்துவிட்டது.

"இதென்ன, காது குடையவா?" என்றாள் எருமை. "நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நான் செல்லுல வீடியோ பார்த்திருக்கேன். குழல் பெருசா இருந்தாத்தான் பவரு" என்றான் குரங்கு.

யானை தும்பிக்கையை நீட்டிச் சுவரில் தொங்கியதிலேயே பெரியதைக் காட்டினார். "அதை எடு. எங்க தாத்தாவைச் சுட்டது அதாலதான். என்ன சத்தம்ங்கிற! மூணு மலைக்குக் கேட்டுச்சு."

"நரி சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று அம்பலவாணன் கேட்டார். சம்பந்தப்பட்டவரைக் கேட்பதுதானே முறை.

நரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சின்னக் குண்டுல செத்தா என் சொந்தக்காரங்க வெளிய தலைகாட்ட முடியுமா? யானைத் துப்பாக்கியே இருக்கட்டும்க்கா."

எல்லோரும் கைதட்டினார்கள். நாலு பேர் பேச்சைத் தட்ட முடியாமல் சீனியம்மாள் அதை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் விடியற்காலை கடைக்குட்டியைக் கூடைக்குள் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலைக் குறிபார்த்து நின்றாள். நரியோ கொல்லைப்புறமாக வந்து அவள் முதுகுக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அது தெரியாமல், முன்னால் ஒரு செடி அசைந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினாள். உதைத்த உதையில் துப்பாக்கியும் அவளுமாகப் பின்னால் பறந்தார்கள். துப்பாக்கியின் அடிக்கட்டை நேராக நரியின் வாயில் இறங்கியது. பல் அத்தனையும் கொட்டிப்போக, ஊளையிடக்கூட முடியாமல் அவன் காட்டைவிட்டே ஓடினான்.

"சொன்னேன்ல!" என்றார் சத்தம் கேட்டு ஊரோடு ஓடி வந்த யானை.

"அய்யா, நான் சுட்டது முன்பக்கம், நரி நின்னது பின்பக்கம்" என்று சீனியம்மாள் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. மாலை போட்டார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கடைக்குட்டி பிழைத்துவிட்டதே, அந்தச் சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

அதன்பின் கோழிகளெல்லாம் யானைத் துப்பாக்கி எடுத்தார்கள். நரிக்கு முதுகைக் காட்டிச் சுடுவதே முறை என்றாகிவிட்டது. கேட்பாரில்லாத சின்னத் துப்பாக்கிகளை அம்பலவாணன் பரணில் தூக்கிப் போட்டார்.

ஓடிப்போன நரிக்கு ஒரு மச்சான் இருந்தான். சீனியம்மாளின் பக்கத்து வீட்டுக் கோழி முத்துப்பேச்சியைத் தேடி அவனும் முதுகுப்பக்கமாகத்தான் வந்தான், ஆனால் ஓரடி தள்ளி நின்றான். துப்பாக்கி வெடித்தது. முத்துப்பேச்சி பறந்து வந்து அவன் காலடியில் விழுந்தாள். இறகு மட்டும் மிச்சம்.

துக்கம் விசாரிக்க வந்த யானை பெருமூச்சு விட்டார். "பாவம். இன்னும் பெருசா எடுத்திருக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மை தெரிந்த சீனியம்மாளும் ஆட்டினாள். அவள் கழுத்தில் மாலை இன்னும் கிடந்தது.

நீதி: துப்பாக்கி எடுக்கப் போகிறவருக்குத் துணைக்குப் போனால், கடையிலேயே பெரியதைக் கைகாட்டுங்கள். உதைபடப் போவது நீங்களில்லை.